வடசென்னையின் வசந்தத்தைப் படம் பிடித்தது யார்?

வசந்தம் என்ற விஷயத்தை நான் முதலில் படித்தது பிரெஞ்சில்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். மார்ச் வந்தால் பனி உருகும், மரம் மொட்டு விடும், தெற்கே போயிருந்த தகைவிலான் குருவி ஊர் திரும்பும், ஆகவே வசந்தம் வந்துவிட்டது என்று கட்டுரை எழுத வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். பிற்பாடு உத்தியோகத்துக்காக மதராஸ் வந்து, தண்டையார்பேட்டையில் குடியேறி, ரிட்டயர் ஆன பிறகு காலை நடையில் கொஞ்சம் அண்ணாந்து பார்த்து நடக்கத் தொடங்கினேன். அப்போது தெரிந்தது, நம் ஊரில் கணக்கு நேர் தலைகீழ் என்று. மழைக்காலத்தை ஒட்டி வந்து மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும் தகைவிலான்கள் பங்குனி, சித்திரையில் வடக்கே கிளம்பிவிடுகின்றன. அவை போவதுதான் நமக்கு வசந்தம்.

"தண்டையார்பேட்டையில் வசந்தமா? கன்டெய்னர் லாரியும் தூசியும்தானே சார் அங்கே" என்று மயிலாப்பூர், அடையாறு பக்கத்து நண்பர்கள் கேட்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இந்த லாரித் தூசிக்கு நடுவிலும் புங்கமரம் இலையைக் கொட்டிவிட்டுச் சில நாட்களுக்குள் எண்ணெய் தடவினாற்போன்ற இளந்தளிரைப் போட்டுக்கொள்கிறது. அரசமரத்துத் தளிர் செம்புப் பாத்திரம் துலக்கி வைத்த மாதிரி இருக்கும். வேப்பம்பூ தெருவில் கொட்டிக் கிடக்கும், யுகாதிப் பச்சடிக்கும் வருஷப்பிறப்புக்கும் அதைப் பொறுக்கிக்கொள்ளாத வீடு எங்கள் தெருவில் குறைவு. குயில் விடியற்காலை நாலரைக்கே ஆரம்பித்துவிடும். ரயில்வே லைன் ஓரத்தில் பூவரசு, அதற்கப்பால் சித்திரையில் ஏதோ ஒரு குவார்ட்டர்ஸ் மதிலுக்கு மேல் சரக்கொன்றை. இத்தனையும் இருக்கிறது. இதைப் பார்த்தவர்கள், எழுதியவர்கள், படம் எடுத்தவர்கள் யார் என்று தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பார்த்தவர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் வைத்தியராக 1690-களில் சாமுவேல் பிரவுன் என்று ஒருவர் இருந்தார். கோட்டையைச் சுற்றியுள்ள இடங்களிலும் வெளியூர்ப் பாதைகளிலும் நடந்து செடிகளைப் பறித்து, காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளூர்க்காரர்கள் சொன்ன தமிழ்ப் பெயரையும் மருந்துக் குணத்தையும் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் அவற்றைத் தொகுத்து ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்டார். வைத்தியருக்கு மூலிகை தேவைப்பட்டது, அதனால் நடந்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் மூலிகைக்கு உதவாத புல் பூண்டையும் சேர்த்துப் பறித்திருக்கிறார் என்றால் மனுஷர் நடையை ரசித்துத்தான் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவருக்குப் பின் வந்தவர் எட்வர்ட் பக்லி. இவருக்குப் பறவைப் பித்து. கோட்டைப் பகுதியில் கிடைத்த பறவைகளின் படங்களையும் குறிப்புகளையும் அதே பெட்டிவருக்கு அனுப்பினார். ஜான் ரே என்ற இங்கிலாந்து அறிஞர் பறவைகளைப் பற்றி எழுதிய லத்தீன் நூல், அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து 1713-ல் அச்சானபோது, மதராசப்பட்டினத்துப் பறவைகள் என்று இருபதுக்கும் மேற்பட்டவை படங்களோடு அதில் சேர்க்கப்பட்டன. இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சில் வந்த மிகப் பழைய பட்டியல்களில் இது ஒன்று. கோட்டையைச் சுற்றிப் பறந்த குருவிகள் அப்போதே லண்டனில் அச்சேறிவிட்டன. கோட்டையிலிருந்து நம் பேட்டை ஐந்து கிலோமீட்டர்தான்.

இந்தப் பெயர் இன்னும் ஒரு பறவையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெண்புருவ வாலாட்டி என்று ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி. புருவம் வெள்ளையாக, வால் ஓயாமல் மேலும் கீழும் ஆடியபடி இருக்கும். அதன் அறிவியல் பெயர் மோட்டாசில்லா மதராஸ்படென்சிஸ், அதாவது மதராசப்பட்டினத்து வாலாட்டி. 1789-ல் வைத்த பெயர். மற்ற வாலாட்டிகள் குளிர்காலத்தில் வந்து போகிற விருந்தாளிகள். இது நிரந்தரக் குடி. மாசி, பங்குனியில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து நீளமாகப் பாடும். ஊர் பெயரை மாற்றிய அரசாணை இந்தக் குருவிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

பிரெஞ்சுக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. பியேர் சொன்னரா என்பவர் 1774-லிருந்து 1781 வரை இந்தப் பக்கம் சுற்றிவிட்டு 1782-ல் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். நம் சாம்பல் காட்டுக்கோழிக்கு அவர் பெயர்தான். நெல்லூரில் வைத்தியராக இருந்த ஜெர்டன் 1843-லிருந்து 1847 வரை பறவைப் படங்கள் அடங்கிய நூலை மதராசிலேயே வெளியிட்டபோது, பல படங்களை வரைந்தவர்கள் உள்ளூர் ஓவியர்கள். சிறகில் ஒரு கோடு தப்பாமல் வரைந்தவர்கள். ஆனால் அந்தக் காலத்தில் படம் வரைய வேண்டுமென்றால் பறவையைச் சுட்டாக வேண்டும். மேசையில் செத்துக் கிடப்பதைப் பார்த்துத்தான் வரைவார்கள். இந்த விஷயம் பின்னால் வருகிறது, அதனால் சொல்லி வைக்கிறேன்.

நம் பேட்டை அப்போது எப்படி இருந்தது? பேட்டையின் பெயருக்குச் சொல்லப்படும் காரணமே அதைக் காட்டிக்கொடுக்கிறது. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியிலிருந்து வந்த சூபி ஞானி மஸ்தான் சாகிபு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராயபுரத்தை ஒட்டிய லெப்பைக் காடு என்ற இடத்தில் தங்கினார். தொண்டியிலிருந்து வந்தவர் தொண்டியார். அவர் பேட்டை தொண்டியார்பேட்டை, அது திரிந்து தண்டையார்பேட்டை. தனிமையைத் தேடிய ஞானி இங்கே வந்தார் என்றால், இங்கே தனிமை இருந்தது, காடு என்று சொல்கிற மாதிரி புதரும் மரமும் இருந்தது. அவருடைய தர்கா இன்றும் இருக்கிறது. காடுதான் இல்லை.

அதே காலத்தில்தான் கால்வாய் வெட்டினார்கள். பேசில் காக்ரேன் என்ற வியாபாரி மதராசிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டிய உப்புநீர்க் கால்வாய் 1806-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பிறகு அதைப் பழவேற்காட்டுக்கும் அதற்கு மேலும் நீட்டினார்கள். 1877-78 பஞ்சத்தில் கூலி வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் வெட்டி இணைத்தபோது கவர்னர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் சுண்ணாம்புச் சிப்பியும் படகில் வந்தன. கூடவே வெள்ளைக்காரத் துரைமார்கள் எண்ணூருக்குப் போக ஒரு சொகுசான வழியும் கிடைத்தது. எண்ணூர்க் கழியோரம் பங்களாக்கள், படகு சவாரி, மீன் விருந்து, பிறகு துப்பாக்கி. இன்று அனல்மின் நிலையத்துச் சாம்பலோடு சேர்த்து நாம் நினைக்கும் எண்ணூர், அன்று மதராஸ்காரர்கள் காற்று வாங்கப் போன இடம் என்று சொன்னால் என் பேரன் சிரிக்கிறான்.

இனி காமிராவுக்கு வருவோம். புகைப்படக் கலை பிரான்சில் பிறந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு (படித்த பாஷையின் விசுவாசம்). தாகெரின் முறையை 1839 ஆகஸ்டு 19-ம் தேதி பாரிசில் பகிரங்கமாக அறிவித்தார்கள். இருபது வருஷத்துக்குள் அது மதராசில் வேரூன்றிவிட்டது. ஓவியப் பள்ளியை ஆரம்பித்த டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் முன்கையெடுத்ததில் இங்கே ஒரு போட்டோகிராபிக் சொசைட்டி 1850-களிலேயே தோன்றியது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை மதராஸ் மாகாணத்துக்கு அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தார்கள். அவர் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன் இதெல்லாம் வீண் செலவு என்று கருதியதால் 1860 வாக்கில் அந்த வேலையை மூடிவிட்டார்கள். சிக்கன நடவடிக்கையின் கத்தி முதலில் எங்கே விழும் என்பது அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டிரைப் கோயிலைப் படம் எடுத்தார், மரத்தையும் குருவியையும் ஏன் எடுக்கவில்லை? அவர் மேல் தப்பில்லை. மெழுகு தடவிய காகித நெகட்டிவில் படம் விழ நிமிஷக் கணக்காகும். கல் ஆடாது, இலை ஆடும். ஆடிய இலை படத்தில் புகையாகத்தான் தெரியும். இன்னொரு கோளாறு, அந்தக் காலத்து ரசாயனம் நீல நிறத்தை மட்டும் அதிகமாக உறிஞ்சும். பச்சை இலை கறுப்பாக விழும், வானம் மேகமே இல்லாமல் வெள்ளைத்தாளாக விழும். பர்மாவில் 1855-ல் எடுத்த படங்களில் டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகத்தையும் மரத்தழையையும் தீட்டிச் சேர்த்திருக்கிறார். ஆக அந்தப் படங்களின் இயற்கை பாதி காமிரா, பாதி கைவேலை. கம்ப்யூட்டரில் வானத்தை மாற்றுகிறார்கள் என்று இப்போதைய பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள் இதையும் மனசில் வைத்துக்கொள்ளலாம்.

பறவையைச் சுடாமல் படம் எடுக்க வழி கண்டுபிடித்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், எத்தியேன் ஜூல் மாரே. வைத்தியப் படிப்புப் படித்தவர். பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக 1882-ல் துப்பாக்கி வடிவத்திலேயே ஒரு காமிரா செய்தார். நிஜமான துப்பாக்கி மாதிரி தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை அழுத்தினால், சுழலும் தட்டில் வினாடிக்கு 12 படம் விழும். அதே வருஷம் அவர் பெயர்பெற்ற இன்னொரு படத்தையும் எடுத்தார். பறந்து வந்து இறங்கும் ஒரு கூழைக்கடா ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பல நிலைகளில் விழுந்திருக்கும். நம் எண்ணூரில் கூட்டமாக மிதக்கும் கூழைக்கடாவின் ஒன்றுவிட்ட சொந்தம் அது. வேட்டைக்காரனின் கையிலிருந்து தோட்டாவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்த மாரேயின் யோசனை எனக்கு மிகவும் பிடித்தமானது.

இந்தியாவில் இந்த மாற்றத்தைச் செய்து காட்டியவர் வன அதிகாரி எப். டபிள்யூ. சாம்பியன். ராத்திரியில் புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, புலி தானே தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அவருடைய புலிப் புத்தகம் 1927-ல் வந்தது. அது வடக்கே. நமக்குக் கிடைத்தவர் மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் பிள்ளை. 1912-ல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். 1950-லிருந்து கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதி, 1996 பிப்ரவரியில் காலமாகும் வரை அந்தப் பத்தி வந்துகொண்டிருந்தது. 46 வருஷம்! தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலகங்களில் கிடைக்கும், வாங்கிப் படியுங்கள். படங்களைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார். காமிராவை அவரே பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். முதுமலை யானைகளை அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. ஆனால் எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது வேறு காரணத்தால். காகம், அணில், பல்லி, ஓணான், சிட்டுக்குருவி என்று வீட்டுக் கொல்லையில் இருப்பவற்றையும் யானைக்குக் கொடுத்த அதே மரியாதையோடு எழுதினார். இயற்கையைப் பார்க்கக் காட்டுக்குப் போகும் செலவு தேவையில்லை என்பதற்கு அவர் எழுத்தே அத்தாட்சி. பென்ஷன்காரர்களுக்கு ரொம்பவும் உபயோகமான விஷயம் இது.

கிண்டிக்கும் வேடந்தாங்கலுக்கும் இப்படிப் பார்க்கிற கண்கள் வாய்த்தன. வேடந்தாங்கலின் கதை இன்னும் பழசு. சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து ஊர்ஜனங்கள் முறையிட, 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார். கையில் கலெக்டரின் காகிதம் இருந்ததால் அந்த ஏரி பிழைத்தது.

வடக்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏன் என்று யோசித்தால் காரணங்கள் சுலபமாகவே தெரிகின்றன. முதலாவது, காசு. நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக் காமிரா என்றால் ஆக்பா கிளிக் 3. பரோடாவில் தயாரானது. ஒரு ரோலில் 12 படம், அவ்வளவுதான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை (அதற்கும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்நுட்பம்தான்) 1967-ல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் வந்த பிறகும் ஒவ்வொரு படமும் எண்ணி எடுக்கிற சமாச்சாரம்தான். 12 படத்தில் காதுகுத்து, கல்யாணம், மகாபலிபுரம் எல்லாம் அடங்க வேண்டும். அதில் ஒன்றைப் புங்கமரத்துக்குச் செலவழித்தால் வீட்டில் சண்டை வரும். எங்கள் வீட்டு ஆல்பத்தில் மரங்கள் உண்டு, எல்லாம் யாருடைய தலைக்குப் பின்னாலாவது மங்கலாக நிற்பவை.

இரண்டாவது காரணத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. துறைமுகம், ரயில்வே யார்டு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையம் என்று வடசென்னையின் பாதி நிலம் மதிலுக்குள் இருக்கிறது. மதில் மேல் 'புகைப்படம் எடுக்கக்கூடாது' என்று பலகை. காமிராவைத் தூக்கினாலே காவலாளி வந்து "இன்னா சார் எடுக்குறீங்க" என்பார். அந்தப் பக்கத்துத் தண்ணீரில் பூநாரை நிற்கிறது என்று சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். போகப் போக யாரும் எடுப்பதில்லை.

மூன்றாவது காரணம் மனசு சம்பந்தப்பட்டது. அழகு தெற்கே, வேலை வடக்கே என்று பட்டணம் எப்போதோ பாகப்பிரிவினை செய்துவிட்டது. இதற்கு மணலே சாட்சி சொல்லும். 1876-ல் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். கடலோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் சுவரில் தடுக்கப்பட்டுத் தென்பக்கம் சேர்ந்தது. மெரினா அகன்றது. வடபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராமல் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்தது. இன்று அங்கே கரை என்று பார்ப்பது லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல். மெரினாவின் அழகைப் படம் எடுத்தவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். அந்த மணலில் ஒரு பங்கு நம்முடையது.

இதனால் என்ன நஷ்டம், நாலு அழகான படம் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன். எனக்கு இது அழகைப் பற்றிய பிரச்சினையாகத் தெரியவில்லை, ஆவணத்தைப் பற்றியதாகத் தெரிகிறது. எண்ணூர்க் கழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மண்டல வரைபடத்தில் அந்தக் கழி நீர்ப்பரப்பாக, கட்டுமானம் கூடாத இடமாகக் காட்டப்பட்டிருந்தது. பின்னால் வந்த வேறொரு அரசு வரைபடத்தில் அந்தக் கழியே காணாமல் போயிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் காகிதங்களை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இது வெளியே வந்தது. 2017-ல் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்ப் புறம்போக்கு நிலத்தைப் பற்றிச் சென்னைத் தமிழில் கர்நாடக ராகங்களில் பாடி வெளியிட்ட பிறகு, எண்ணூர் எங்கே இருக்கிறது என்று தெற்கே பல பேர் விசாரித்தார்கள்.

ஒரு கழி இருந்தது, ஆழமாக இருந்தது, அலையாத்தி இருந்தது, பறவை வந்தது என்று நிரூபிக்க என்ன இருக்கிறது? மீனவர்களின் ஞாபகம் இருக்கிறது. எண்ணூரில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "பறவைய போட்டோ புடிக்க வந்தீங்களா சார்? ஒரு முப்பது வருஷம் முன்னாடி வந்துருக்கணும். எங்கப்பா காலத்துல இந்த இடத்துல ஆள் நின்னா தல முழுவும்" என்று சொல்லிக் கணுக்கால் அளவுத் தண்ணீரைக் காட்டினார். அடியில் சாம்பல் சேறு. அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் ஆபீசில் வாய்மொழிக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். அவருடைய அப்பா தலை முழுகிய தண்ணீரில் நிற்கும் படம் ஒன்று, பின்னால் தேதி எழுதி, இருந்திருந்தால் அதைக் கோப்பில் வைக்கலாம். கழியின் மறுபக்கம் துரைமார்கள் சுட்ட வாத்துகளின் எண்ணிக்கையை அவரவர் டைரியில் எழுதிக்கொண்டார்கள். இவர்களுடைய கழியை யார் எழுதிக்கொண்டார்கள்?

மாறாக, படம் இருந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. வெள்ளை மார்பு முழுக்கக் கறுத்துப்போன கூழைக்கடாக்களின் படங்கள் பேப்பர்களில் வந்தன. எண்ணெய் படிந்த படகும் வலையும் கூட வந்தன. ஆனால் ஊரை உலுக்கியது அந்தப் பறவைப் படங்கள்தான். மனிதர்கள் புகார் சொன்னால் நாளாகும், கூழைக்கடா ஒரே நாளில் தலைநகரம் வரை போனது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. கறுத்த கைகளோடு எண்ணெயை வாளியில் அள்ளிய மீனவர்களையும் அதே அளவு பார்த்திருக்கலாம். இருந்தாலும் அந்தப் படங்களை எடுத்தவர்கள் அதற்கு முன்பும் அங்கே போய்ப் பழகியவர்களாக இருந்தால்தான் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டையும் வைத்துக் காட்ட முடியும். பறவையைச் சுகமாக இருக்கும்போதும் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது பிலிம் செலவு இல்லை. எல்லோர் சட்டைப் பையிலும் காமிரா. காலை வணக்கத்துக்கு யாரோ எடுத்த சுவிட்சர்லாந்து ரோஜாவை அனுப்புகிற நண்பர்கள், ஒரு நாள் தங்கள் தெரு வேப்பம்பூவை எடுத்து அனுப்பினால் என்ன என்று பல தடவை கேட்டுவிட்டேன். மூன்று பேர் ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் கொருக்குப்பேட்டையில் ஒரே அரசமரத்தைப் போன மாசியிலிருந்து வாரம் ஒரு தடவை எடுக்கிறார். பழுப்பு, மொட்டைக் கிளை, செம்புத் தளிர், பச்சை என்று வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எந்தக் காலண்டரும் கிட்டே வராது.

எண்ணூர்ப் பக்கம் போகிறவர்களுக்காக அனுபவத்தில் தெரிந்த சில விவரங்கள். மாசி, பங்குனி நல்லது, சித்திரையில் கானல் ஏறிவிடும். முதல் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் எண்ணூரில் இறங்கலாம். முகத்துவாரக் குப்பத்துப் பக்கம், கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி மேற்கே பார்த்து நில்லுங்கள். சூரியன் பின்னாலிருந்து வரும், பறவை மேல் வெளிச்சம் விழும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் கிடைக்கும். கூழைக்கடாவும் கொக்கும் கிட்டே வரும். பூநாரை கண்ணில் பட்டாலும் தூரத்தில் ரோஸ் நிறக் கோடாகத்தான் தெரியும், கிட்டே போக முயலாதீர்கள், சேறு முழங்கால் வரை இழுக்கும். வலை இழுக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கேட்டால் அவர்களே எந்தப் பறவை எந்தத் திட்டில் உட்காரும் என்று சொல்லிவிடுவார்கள். படத்தை வீட்டுக்கு வந்து போட்டுப் பார்க்கும்போது இடம், தேதி, தண்ணீர் ஏற்றமா வற்றமா என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே நிழல் கிடையாது. குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள்.